இரண்டு இஞ்சின், ஒரே பேட்டரி!



லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பேட்டரியைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1980களில் எங்கள் தோட்டத்தில் இஞ்சின் வீடு இரவு 10 மணிக்கு நின்றுவிடும். அதற்குப் பிறகு தொலைக்காட்சி பார்க்க வேண்டுமானால் கார் பேட்டரிதான் கதி. கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று, அதன் பக்கத்தில் ஒரு பேட்டரி, முன்னால் பாய் விரித்து லயமே உட்கார்ந்திருக்கும்.

ஒரு தீபாவளி இரவு எங்கள் வீட்டுப் பேட்டரி சார்ஜுக்குப் போயிருந்தது. படமோ பாதியில் நிற்கிறது. பொறுக்குமா? என் மாமா பிள்ளைகளைப் பட்டணத்துப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் தமது வேனிலிருந்து பேட்டரியைக் கழற்றி வந்து மாட்டிவிட்டார். எல்லாரும் கைதட்டினோம். படம் முடிந்ததும் அதைத் திருப்பி வேனில் வைத்தார். விடுமுறை முடிந்த காலையில் வேன் எழுந்திருக்கவே இல்லை! பெரட்டுக்குப் போகவேண்டிய ஆண்கள் நாலு பேர் சேர்ந்து அதைச் செம்மண் மேட்டில் தள்ளிய காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "சினிமா பார்த்தது ராத்திரி, டிக்கெட் காசு காலையில" என்று பாட்டி கேலி செய்தார்.

அன்று எல்லாரும் சிரித்தோம். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே தவற்றை நான் மறுபடியும் நேரில் கண்டேன். அப்போது சிரிக்க முடியவில்லை. கடலில் தள்ளுவதற்கு மேடும் கிடையாது, ஆளும் கிடையாது.

என் மாணவனின் படகு

நான் ஆசிரியப் பணியைத் தொடங்கிய புதிதில் ஐந்தாம் ஆண்டில் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் இப்போது லிங்கி ஆற்று முகத்துவாரத்தில் படகு வைத்திருக்கிறான். 24 அடி ஃபைபர் படகு. பின்புறத்தில் 40 குதிரைச்சக்தி இஞ்சின்கள் இரண்டு தொங்கும். தூண்டில் பிடிக்க ஆசைப்படுகிறவர்களை இரவில் கடலுக்கு அழைத்துச் சென்று காலையில் கரை சேர்ப்பது அவன் தொழில். அவன் தகப்பனார் முப்பது ஆண்டுகள் பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் உழைத்தவர். தோட்டம் கைமாறி வேலை முடிந்தபோது கையில் வந்த சேமநிதிப் பணத்தின் பெரும்பகுதியை இந்தப் படகில்தான் போட்டிருக்கிறார். ஆகவே அது வெறும் படகல்ல. ஒரு குடும்பத்தின் முப்பது ஆண்டு வியர்வை.

"சார், ஒரு நாள் வாங்க சார்" என்று பலமுறை அழைத்தான். பள்ளி விடுமுறையில் நானும் என் மைத்துனரும் போனோம். வேறு இரண்டு பேரும் வந்திருந்தார்கள். மாலையில் புறப்பட்டு, தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கின் ஒளி தெரியும் இடத்தில் நங்கூரம் போட்டோம். இஞ்சின்களை நிறுத்தினான். இரண்டு பெரிய விளக்குகளை ஏற்றினான். மீன் காட்டும் கருவி ஓடியது, பாட்டு ஓடியது, எங்கள் கைப்பேசிகள் எல்லாம் சார்ஜ் ஏறின. படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் பம்பு அவ்வப்போது தானாக ஓடியது. சிவப்பு மீன் நாலைந்து கிடைத்தன. மனநிறைவான இரவு.

விடியற்காலை 3 மணியளவில் மேற்கே வானம் இருண்டது. மலாக்கா நீரிணையை அறிந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்லவேண்டாம். 'சுமாத்ரா' என்று கடலோடிகள் அழைக்கும் காற்று மழை அது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை பெரும்பாலும் நள்ளிரவுக்கும் காலைக்கும் இடையில்தான் வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடியது. "கிளம்பிடலாம் சார்" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினான்.

'டக்.'

அவ்வளவுதான். இரண்டாவது இஞ்சினின் சாவியைத் திருப்பினான். அதிலும் 'டக்'. விளக்கொளி மங்கிச் செத்தது. பம்பும் நின்றது.

நங்கூரம் பிடித்திருந்ததால் பிழைத்தோம். அது மட்டும் அறுந்திருந்தால் எங்கள் பின்னால் இருந்தது பாறை, இன்னொரு பக்கம் போனால் இரவு பகல் ஓயாத கப்பல் பாதை. ஐவரும் உயிர்காப்புச் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டோம். அந்த இருட்டில், ஆடும் படகில், என் மாணவன் ஓர் இஞ்சினின் மூடியைக் கழற்றி, மேலேயுள்ள சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்தான். இழுத்து இழுத்துக் கை தோல் உரிந்தது. எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. கடைசியில் ஒரே ஓர் இஞ்சின் உயிர் பெற்றது. அந்த ஒற்றை இஞ்சினோடு மழைக்குள் ஊர்ந்து கரைக்கு வந்தோம்.

என்னைத் தைத்த ஒரு சொல்

கரையேறிக் காப்பி குடிக்கும்போது கேட்டேன்: "ஏன் தம்பி, இரண்டு இஞ்சின் இருந்தும் ஏன் இரண்டுமே எழும்பவில்லை?"

"தெரியல சார். பேட்டரி ரெண்டு இருக்கு. ரெண்டையும் பக்கம் பக்கமா சேர்த்துத்தான் கட்டியிருக்கேன். நீங்கதானே சார் வகுப்புல சொன்னீங்க, பக்க இணைப்புல கட்டினா ஒண்ணு போனாலும் மத்தது எரியும்னு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆம், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு பல்பு, ஓர் உலர் மின்கலம், கரும்பலகையில் ஒரு படம். ஒரு பல்பைக் கழற்றினால் மற்றது எரியும். பல்புக்கு அது முழுக்க உண்மை. ஆனால் பேட்டரிக்கு அது வேறு கதை என்று நான் அன்று ஒரு வரி சேர்த்துச் சொல்லவில்லை. பிள்ளைகள் நாம் சொல்லுவதை மறந்துவிடுகிறார்கள் என்று குறைப்படுகிறோம். மறக்காமல் வைத்திருந்து அதையே நம்பிக் கடலுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்தப் படகுத்துறையில் வயதான மலாய்க்காரர் ஒருவர் இஞ்சின் பழுது பார்க்கிறார். "பாக்சிக்" என்றுதான் எல்லாரும் அழைக்கிறார்கள். அவர் மீட்டரை வைத்து இரண்டு பேட்டரிகளையும் பிரித்து அளந்தார். ஒன்று புதிது, ஒன்று நாலு வயதான பழசு. "இஞ்சின் இரண்டு, ஆனால் சோற்றுப்பானை ஒன்று. பானை காலியானால் இருவருமே பட்டினிதானே?" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கேரித் தீவு, கோல சிலாங்கூர், பாகான் டத்தோ என்று கடலோரத் தோட்டங்களின் பிள்ளைகள் பலர் இன்று படகோடு பிழைக்கிறார்கள். படகு இல்லாதவர்களுக்கும் வேன், லாரி, கோயில் ஜெனரேட்டர் என்று ஏதோ ஒரு பேட்டரி இருக்கத்தானே செய்கிறது!

பழைய பேட்டரி புதியதைத் தின்னும்

12 வோல்ட் ஈய அமிலப் பேட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல். நன்றாகச் சார்ஜ் ஏறி, சில மணி நேரம் சும்மா இருந்த பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். 11.8க்கு வந்துவிட்டால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேட்டரிகளை நேர்முனையோடு நேர்முனை, எதிர்முனையோடு எதிர்முனை என்று நிரந்தரமாகக் கட்டிவிட்டால் இரண்டும் ஒரே பேட்டரி ஆகிவிடுகின்றன. பழசில் ஓர் அறை கெட்டால் அதன் வோல்ட் இறங்கும். உடனே புதியதிலிருந்து மின்சாரம் அதற்குள் வழிந்து ஓடும். நல்லது கெட்டதைத் தூக்கிவிடாது. கெட்டதுதான் நல்லதை இழுத்துக்கொண்டு போகும். பல்பு மின்சாரத்தைச் செலவழிப்பது மட்டுமே. பேட்டரியோ கொடுக்கவும் செய்யும், வாங்கவும் செய்யும். நான் வகுப்பில் சொல்லாமல் விட்ட வரி இதுதான்.

அன்றைய இரவின் கணக்கு

ஆம்பியரை மணியால் பெருக்கினால் பேட்டரியிலிருந்து எவ்வளவு எடுத்தோம் என்பது தெரியும். வீட்டுச் செலவுக் கணக்கு போலத்தான்.

அவனுடைய விளக்குகள் ஒவ்வொன்றும் 55 வாட். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 9 ஆம்பியர். 7 மணி நேரத்துக்குச் சுமார் 64 ஆம்பியர்-மணி. மீன் காட்டும் கருவி, பாட்டு, கைப்பேசி சேர்த்து 7. பம்புக்கு 5. மொத்தம் 76. பேட்டரிகளின் மேல் எழுதியிருப்பதோ 70ம் 70ம், ஆக 140. ஆனால் பழசு பாதி உயிரில்தான் இருந்தது. எனவே உண்மையான இருப்பு 105தான். அதில் 76 போனால் மீதி என்ன? இஞ்சினைச் சுழற்றும் மோட்டார் ஒரு நொடியில் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். அந்த மீதியால் அதைக் கொடுக்க முடியவில்லை.

வரவையும் பாருங்கள். அவன் இஞ்சின் போன்ற சிறிய இஞ்சின்கள் சில ஆம்பியர்கள்தான் திருப்பிக் கொடுக்கும். 6 ஆம்பியர் என்றே வைத்துக்கொண்டால், 40 ஆம்பியர்-மணியை நிரப்ப 7 மணி நேரமாவது ஓடவேண்டும். அவன் கரைக்கு வர எடுப்பதோ 40 நிமிடம்! ஆகவே ஒவ்வொரு பயணத்திலும் கடன் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. நிரம்பாமலேயே கிடக்கும் பேட்டரியின் ஈயத் தகடுகளில் வெள்ளையாகப் படிவம் இறுகும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அது பழைய நிலைக்கு வராது. பழசு சீக்கிரம் கிழடானதன் காரணம் இதுதான்.

பாக்சிக் கட்டிக் கொடுத்த முறை

முதலாவது, பேட்டரி மூன்று. இடது இஞ்சினுக்கு ஒன்று, வலது இஞ்சினுக்கு ஒன்று, விளக்கு முதலியவற்றுக்கு 'வீட்டுப் பேட்டரி' ஒன்று. இஞ்சின் பேட்டரி மெல்லிய தகடுகள் நிறைய உடையது. ஒரே மூச்சில் பெருஞ்சக்தி கொடுக்கும், ஆனால் மெல்ல மெல்ல வற்றவிட்டால் கெட்டுப்போகும். வீட்டுப் பேட்டரி தடித்த தகடு உடையது. மெதுவாக எடுத்துப் பயன்படுத்தத் தக்கது. அதையும் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்தால்தான் நீண்ட நாள் உழைக்கும். இவன் வாங்கியது 100 ஆம்பியர்-மணி. ஆகவே 50க்கு மேல் தொடக்கூடாது.

இரண்டாவது, நேர்முனைகள் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவிட்ச். ஆனால் எதிர்முனைகள் மூன்றையும் தடித்த கம்பியால் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். 'அது ஏன்?' என்று கேட்டேன். ஆபத்து நேரத்தில் ஓர் இஞ்சினின் பேட்டரியால் மற்றதை எழுப்பும்போது அவ்வளவு மின்சாரமும் திரும்பி வர ஒரு பாதை வேண்டும். தடித்த பாதை இல்லையென்றால் அது மெல்லிய கம்பிகள் வழியாகவும் கியர் கேபிள் வழியாகவும் திரும்பும். அவை சூடேறிக் கருகும்.

மூன்றாவது, சார்ஜ் ஏற்றும் வழி. இடது இஞ்சின் தன் பேட்டரியை நிரப்பும். வலது இஞ்சின் தன் பேட்டரியை நிரப்பும். வீட்டுப் பேட்டரிக்கு? இடது பக்கத்தில் வோல்ட் பார்த்து இணைக்கும் ரிலே ஒன்றை மாட்டினார். தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தொட்டி நிறைந்து வழிந்தால்தான் இரண்டாவது தொட்டிக்குத் தண்ணீர். அதுபோல இஞ்சின் பேட்டரி சார்ஜாகிச் சுமார் 13.3 வோல்ட்டைத் தாண்டியதும் ரிலே வீட்டுப் பேட்டரியைச் சேர்த்துக்கொள்ளும். இஞ்சின் நின்று வோல்ட் 12.8க்கு இறங்கியதும் தானே பிரித்துவிடும். விளக்கு இரவெல்லாம் எரிந்தாலும் இஞ்சின் பேட்டரியில் ஒரு சொட்டும் குறையாது. இரண்டு பக்கமும் ரிலே மாட்டினால் மூன்றும் மறுபடி ஒன்றாகக் கலந்துவிடும் என்பதால் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்.

நான்காவது, மூன்றையும் சேர்க்க ஓர் ஆபத்துச் சுவிட்ச். அது எப்போதும் அணைந்தே இருக்கவேண்டும். இஞ்சின் எழுந்ததும் உடனே திரும்ப அணைக்கவேண்டும்.

ஐந்தாவது, நீர் இறைக்கும் பம்பு. எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாலும் மழை பெய்தால் பம்பு ஓடவேண்டுமல்லவா? ஆகவே அதை மட்டும் வீட்டுப் பேட்டரியிலிருந்து நேராக இழுத்து, தனி ஃபியூஸ் போட்டார். மற்ற இணைப்புகளின் ஃபியூஸ்களையும் பேட்டரிக்கு மிக அருகில் வைத்தார். தூரத்தில் வைத்தால், அதற்கு முன்னால் கம்பி உரசித் தீப்பிடித்தால் ஃபியூஸ் வேடிக்கைதான் பார்க்கும்.

கம்பியும் முக்கியம். வீட்டுக்குப் போடும் வயர் கடலுக்கு ஆகாது. வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியாக, நல்ல தடிப்பாக இருக்கவேண்டும். முனைகளைச் சுத்தம் செய்து இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினால் உப்பு அரிக்காது.

மறக்கக்கூடாதவை

இஞ்சின் ஓடும்போது பேட்டரிச் சுவிட்சை அணைக்காதீர்கள். போக வழியில்லாமல் வோல்ட் எகிறி, சார்ஜ் கொடுக்கும் பாகம் எரிந்துபோகும்.

சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும். பக்கத்தில் சிகரெட் வேண்டாம், காற்றோட்டம் வேண்டும். மூடி திறக்கும் பேட்டரியானால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்றவேண்டும். கடல்நீர் உள்ளே புகுந்தால் நச்சு வாயுவான குளோரின் உண்டாகும். ஆகவே பேட்டரியை உயரமான இடத்தில், பெட்டிக்குள், வாரால் இறுக்கிக் கட்டவேண்டும்.

கயிறு இழுத்து எழுப்பலாம் என்ற தைரியமும் இனி வேண்டாம். இப்போது வரும் புதிய இஞ்சின்களில் எரிபொருளைச் செலுத்துவதே மின்சாரம்தான். பேட்டரி அடியோடு செத்துவிட்டால் பெரும்பாலானவை எழும்பாது. கடலில் சிக்கினால் வானொலியில் 16ஆம் அலைவரிசை. கைப்பேசி எட்டினால் 999.

என் மாணவன் பெரிய விளக்குகளைக் கழற்றிவிட்டு 10 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு போட்டுவிட்டான். ஒரு இரவுக்கு 64ஆக இருந்த விளக்குச் செலவு 12க்கு வந்தது. மொத்தம் 76 அல்ல, 24தான். கரைக்கு வந்ததும் வீட்டுப் பேட்டரியைச் சார்ஜரில் போட்டு நிரப்பிவிடுகிறான். புறப்படுமுன் மூன்று பேட்டரியையும் மீட்டரில் அளந்து ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைக்கிறான். அந்த நோட்டை என்னிடம் காட்டினான். நான் சிவப்பு மையில் 'நன்று' என்று போட்டுக் கொடுத்தேன். இருவருக்கும் சிரிப்பு வந்தது.

நானும் என் பாடத்தைத் திருத்திக்கொண்டேன். இப்போது ஐந்தாம் ஆண்டு வகுப்பில் பல்புப் படத்தை வரைந்து முடித்ததும், பக்கத்தில் ஒரு படகை வரைகிறேன். "பல்பை இப்படிக் கட்டலாம். பேட்டரியை இப்படிக் கட்டிவிட்டுக் கடலுக்குப் போகாதே" என்று சொல்லுகிறேன். பிள்ளைகள் விழித்துப் பார்க்கிறார்கள். பரவாயில்லை, ஒருவனுக்காவது நினைவிருக்கும்.

வாசகர்களே, கணவனும் மனைவியும் இருவருமாகச் சம்பாதிக்கும் வீடுகளிலும் நான் இதையே காண்கிறேன். இஞ்சின் இரண்டு, பணப்பை ஒன்று. விளக்குக்கும் பாட்டுக்கும் அதிலிருந்தே எடுக்கிறோம். திடீரென்று காற்று வரும்போது சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம்தான் கேட்கிறது. சிறிதானாலும் ஒன்றைத் தனியே ஒதுக்கி, தீபாவளிப் படம் பாதியில் நின்றாலும் அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்யுங்கள். அந்த ஒன்றுதான் உங்களைக் கரை சேர்க்கும்.

உங்கள் வேனிலோ படகிலோ பேட்டரி எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று நாளைக் காலையில் அளந்து பாருங்களேன்.